சொட்டு மேல்நோக்கி ஓடுமா? ஓர் ஓவியக்கூட விவகாரம்

சும்மா வந்தவன்:
போன வாரம் இந்த இணைய மன்றத்தில் வேறொரு இழையில் தூரிகைதாசன் ஒன்று எழுதியிருந்தார். நவீன ஓவியம் புரியவில்லை என்கிறவர்களுக்கு உண்மையில் புரியாதது ஓவியம் இல்லையாம், எப்படிப் பார்ப்பது என்பதுதானாம். எந்தப் படத்தின் முன்னாலும் அரைமணி நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றால் படம் தானாகப் பேசுமாம். படித்ததிலிருந்து எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. சரி, நின்றுதான் பார்ப்போமே என்று நேற்று ஒரு நவீன ஓவியக்கூடத்துக்குப் போனேன்.

முதல் அறையில் முழுக்க வெள்ளையாக ஒரு கேன்வாஸ். பக்கத்து அட்டையில் ‘தலைப்பில்லை’ என்று போட்டிருந்தது. தலைப்பு மட்டுமா இல்லை என்று நினைத்துக்கொண்டு நகர்ந்தேன். அடுத்த அறையில் சுவரோடு சுவராக ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி, அதில் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. அதற்கு அட்டையே இல்லை. அட்டைகூட வேண்டாம் என்கிற அளவுக்குப் பெரிய ஆள் போல என்று நான் அதன் முன்னால் மரியாதையாக நின்றேன். காவலுக்கு நின்றவர் வந்து, அது அறையின் ஈரப்பதம் அளக்கிற கருவி என்றார்.

மூன்றாவது அறையில்தான் விஷயம். ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு படம். அடர்ந்த பழுப்பு, நடுவில் ஆரஞ்சில் ஒரு பட்டை, அதற்குக் கீழே சாம்பல். அவ்வளவுதான். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றேன். பத்து நிமிடம் ஒன்றுமில்லை. பதினைந்தாவது நிமிடம் கால் வலித்தது. இருபதாவது நிமிடம் பிடித்துவிட்டேன்: ஆரஞ்சுப் பட்டையின் மேல் விளிம்பில் பெயிண்ட் ஒழுகிய தடம், மூன்று சொட்டு, மேல்நோக்கிப் போகிறது. மேல்நோக்கி! பெயிண்ட் எந்த ஊரில் மேலே ஒழுகும்?

படம் பேசும் என்றீர்களே தூரிகைதாசன், பேசியது. ‘என்னைத் தலைகீழாக மாட்டிவிட்டார்கள்’ என்றது. காவல்காரரிடம் சொன்னேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ‘நான் ஆறு வருடமாக இங்கே நிற்கிறேன் சார், அது அப்படித்தான் இருக்கிறது’ என்றார்.

முட்டுச்சந்து:
ஈரப்பதக் கருவியின் முன்னால் எத்தனை நிமிடம் நின்றீர்கள்? அது ஏதாவது பேசியதா?

தூரிகைதாசன்:
முதலில் ஒரு திருத்தம். நான் ‘வாயை மூடிக்கொண்டு’ என்று எழுதவில்லை, ‘அமைதியாக’ என்று எழுதினேன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களோடு ஓவியம் பற்றிப் பேசுவது வீண்தான், இருந்தாலும் பேசுகிறேன்.

புவியீர்ப்பு விசையைக் கண்டுபிடித்ததற்கு வாழ்த்துகள். மார்க் ரோத்கோ என்று ஒருவர் இருந்தார், கேள்விப்பட்டிருக்கலாம், படாமலும் இருக்கலாம். வரைந்துகொண்டிருக்கும்போதே கேன்வாஸைத் தலைகீழாகத் திருப்பி வைத்துத் தொடர்ந்து வேலை செய்வார். எது மேல் எது கீழ் என்பதையே சில படங்களுக்குக் கடைசி நேரத்தில் மாற்றியிருக்கிறார். அவர் படங்களில் பெயிண்ட் மேல்நோக்கி ஓடிய தடத்தை இன்றைக்கும் பார்க்கலாம். ஜாக்சன் பொல்லாக்கோ கேன்வாஸைத் தரையில் விரித்து, சுற்றிச் சுற்றி வந்து பெயிண்டைச் சொட்டவிட்டார். ஆக, சொட்டு மேல்நோக்கி இருந்தால் படம் தலைகீழ் என்று அர்த்தமில்லை. வரைந்தவர் நடுவில் திருப்பினார் என்று அர்த்தம். இதைத் தெரிந்துகொள்ள அரைமணி நேரம்கூட வேண்டாம், ஒரு புத்தகம் போதும்.

சும்மா வந்தவன்:
புத்தகம் போதும் என்றால் எதற்கு என்னை அரைமணி நேரம் நிற்கச் சொன்னீர்கள்? நான் கேட்பது ஒன்றே ஒன்று. சொட்டு மேல்நோக்கி இருந்தது. ரோத்கோ திருப்பினார், சரி. இவரும் திருப்பினார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லையே.

அகராதி:
ஒரு சின்ன கேள்வி. ‘நவீன ஓவியம்’ என்று எதைச் சொல்கிறோம்? 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி 1960கள் வரை வந்ததையா, அல்லது இன்றைக்கு வரைகிற ‘சமகால’ ஓவியத்தையும் சேர்த்தா? அதைத் தெளிவாக்கிக்கொண்டு பேசினால் நல்லது.

பழைய பேப்பர்:
தூரிகைதாசன் அவர்களின் தன்னம்பிக்கையைப் பார்த்தால் ஒரு பழைய கதை ஞாபகம் வருகிறது. டச்சு ஓவியர் மோந்திரியான் 1941இல் செய்த ‘நியூயார்க் சிட்டி 1’. அதில் கோடுகள் எல்லாம் ஒட்டுநாடா: சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு. 1945இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் மாட்டினார்கள். 1980 முதல் ஜெர்மனியில் டுஸ்ஸெல்டார்ஃப் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2022இல் அங்கே ஒரு கண்காட்சிக்குத் தயார் செய்துகொண்டிருந்த காப்பாட்சியர் சொல்கிறார், இது தலைகீழாகத் தொங்குகிறது என்று. 1944இல் ஒரு பத்திரிகையில் வந்த ஓவியரின் ஸ்டூடியோ புகைப்படத்தில், ஈசலில், அதாவது வரையும்போது படத்தைத் தாங்கும் சட்டத்தில், அந்தப் படம் நேர் எதிராக நிற்கிறது. 75 வருடம்! எத்தனை பேராசிரியர்கள், எத்தனை விமர்சகர்கள், எத்தனை தூரிகைதாசன்கள் அதன் முன்னால் அமைதியாக நின்றிருப்பார்கள்? ஒருவரிடமாவது படம் பேசியதா?

முட்டுச்சந்து:
பேசியிருக்கும். தலைகீழாகப் பேசியதால் புரிந்திருக்காது.

தூரிகைதாசன்:
வந்துவிட்டார். ரஷ்ய ஓவியர் மாலெவிச் விவகாரத்தில் நான் அவரை அம்பலப்படுத்தியதிலிருந்து நான் எங்கே எழுதினாலும் பின்னாலேயே வருகிறார். சரி.

ஒன்று, 1945இலிருந்து 2022 வரை 77 வருடம். 75 இல்லை. கழித்தல் கணக்கு. இரண்டு, அது தலைகீழ் என்று யாரும் முடிவாக நிரூபிக்கவில்லை. படத்தில் கையெழுத்து இல்லை, அது வேலை முடியாத படம். ஈசலில் எப்படி நின்றதோ அதுவே இறுதி நிலை என்று எவனால் சொல்ல முடியும்? இதே அளவில் அவர் ஆயில் பெயிண்டில் வரைந்த இன்னொரு படம் பாரிஸின் பாம்பிடு மைய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது, அதில் கோடுகள் மேல்பக்கம் நெருங்கி நிற்கின்றன, டுஸ்ஸெல்டார்ஃபில் இருப்பதில் கீழ்ப்பக்கம் நெருங்கி நிற்கின்றன, அந்த ஒப்பீட்டால் வந்த சந்தேகம் அது. சந்தேகம்! மூன்று, கண்டுபிடித்தது யார்? ஒரு காப்பாட்சியர். படத்தை உற்றுப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர். பார்த்தால் படம் பேசும் என்று நான் சொன்னதைத்தான் இது காட்டுகிறது.

பழைய பேப்பர்:
மாலெவிச் விவகாரத்தில் அம்பலமானது யார் என்பது அந்த இழையைப் படித்தவர்களுக்குத் தெரியும். ‘கறுப்புச் சதுரம்’ 1913 என்று அடித்துச் சொன்னது நீங்கள். 1915 என்று திருத்தியது நான். 1915 டிசம்பரில் ரஷ்யாவில் பெத்ரோகிராத் நகரத்துக் கண்காட்சியில்தான் அது முதன்முதலில் வந்தது, அறையின் மூலையில், கூரையை ஒட்டி, வீடுகளில் சாமி படம் வைக்கும் இடத்தில் மாட்டியிருந்தார்கள்.

தூரிகைதாசன்:
மாலெவிச்சே அதை 1913 என்றுதான் சொல்லிக்கொண்டார். ஓவியரைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமோ?

பழைய பேப்பர்:
அவர் முன்தேதி போட்டார் என்பது ஆராய்ச்சியாளர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. ஓவியர் சொன்னதே வேதவாக்கு என்றால் ஈசலில் மோந்திரியான் வைத்த நிலை மட்டும் ஏன் வேதவாக்கு இல்லை? ஒரு நிலையில் நில்லுங்கள். உங்களையும் யாரோ திருப்பித் திருப்பி மாட்டுகிறார்கள் போலிருக்கிறது.

சும்மா வந்தவன்:
ஐயா இருவருக்கும், என் சொட்டு எங்கே போனது?

மழைக்காலம்:
பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் கதையை யாரும் சொல்லவில்லையே. 1961இல் அதே நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அவருடைய ‘படகு’. காகிதத்தை வெட்டி ஒட்டிச் செய்தது, பாய்மரப் படகும் தண்ணீரில் அதன் நிழலும். நிழல் மேலே, படகு கீழே என்று 47 நாள் தொங்கியது. சுமார் 1,16,000 பேர் பார்த்துவிட்டுப் போனார்களாம். கடைசியில் கண்டுபிடித்தது ஓவிய விமர்சகர் இல்லை, பங்குச் சந்தையில் வேலை பார்த்த ஒரு பெண்மணி. இவ்வளவு நுணுக்கமான வடிவத்தை நிழலுக்குக் கொடுத்துவிட்டு, படகை இவ்வளவு எளிமையாக ஓவியர் வெட்டியிருக்க மாட்டார் என்று அவருக்குத் தோன்றியது. காவலரிடம் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. பத்திரிகைக்குத் தகவல் சொன்ன பிறகுதான் திருப்பி மாட்டினார்கள்.

சும்மா வந்தவன்:
அந்த அம்மாவுக்கு என் வணக்கம். இதைத்தானே நான் சொல்கிறேன்! காவலர் காதில் போட்டுக்கொள்ளவில்லை, எனக்கும் அதேதான் நடந்தது. அந்த அம்மா என் கட்சி.

தூரிகைதாசன்:
உங்கள் கட்சியா? அவர் ஒருமுறை வந்து ஈரப்பதக் கருவியைக் கும்பிட்டுவிட்டுப் போனவர் இல்லை. திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார், கேட்டலாக் வாங்கி ஒப்பிட்டார். மத்தீஸ் எப்படி யோசிப்பார் என்று யோசித்தார். ‘எனக்குப் புரியவில்லை, ஆகவே இது ஏமாற்று’ என்று அவர் எழுதவில்லை. அவர் என் கட்சி.

முட்டுச்சந்து:
அவரைக் கேட்காமலேயே இரண்டு கட்சியிலும் உறுப்பினராக்கிவிட்டீர்கள்.

சும்மா வந்தவன்:
ஏமாற்று என்று நான் எங்கே எழுதினேன்? மேலே போய்ப் படியுங்கள். தலைகீழ் என்றேன், அவ்வளவுதான். வாயை மூடுவதற்கும் அமைதிக்கும் வித்தியாசம் தெரிந்தவருக்குத் தலைகீழுக்கும் ஏமாற்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லையா?

ரசமட்டம்:
நான் இந்த வேலையில் இருப்பவன், அதாவது கண்காட்சிகளுக்குப் படம் மாட்டுபவன், பதினெட்டு வருடமாக. அதனால் இரண்டு வார்த்தை.

பொதுவாகக் கேன்வாஸின் பின்பக்கம், அதை இழுத்துக் கட்டியிருக்கும் ஸ்ட்ரெச்சர் கட்டையில் பென்சிலால் ஒரு அம்புக்குறி இருக்கும், அல்லது ‘மேல்’ என்று எழுதியிருக்கும். பெட்டியில் அனுப்பும்போது பெட்டியிலும் அம்புக்குறி இருக்கும். நாங்கள் அதைப் பார்த்துத்தான் மாட்டுகிறோம், படத்தைப் பார்த்து இல்லை. எங்கள் கவலை எல்லாம் படத்தின் நடு உயரம் பார்க்கிறவர் கண்ணுக்கு நேராக வருகிறதா, ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்கிறதா என்பதுதான். அம்புக்குறி போட்டவர் தப்பாகப் போட்டிருந்தால் படம் காலாகாலத்துக்கும் அப்படியேதான் தொங்கும், ஏனென்றால் அடுத்தவரும் அதே அம்புக்குறியைப் பார்ப்பார். ஆகவே சும்மா வந்தவர் சொல்வது நடக்காத காரியம் இல்லை.

ஆனால் சொட்டு விஷயத்தில் ஒன்று கேட்க வேண்டும். ஒழுகின பெயிண்ட் எங்கே போய் நிற்கிறதோ அந்த முனையில் கொஞ்சம் தேங்கி, கனமாக, சின்னக் குமிழ் மாதிரிக் காயும். கிளம்பின இடம் மெல்லியதாக இருக்கும். நீங்கள் பார்த்த தடத்தில் குமிழ் எந்த முனையில் இருந்தது? மேலேயா, ஆரஞ்சை ஒட்டியா? ஆரஞ்சை ஒட்டி இருந்திருந்தால் அது மேலே எங்கிருந்தோ ஒழுகி வந்து ஆரஞ்சில் முடிந்த சொட்டு. அதாவது நேராகத்தான் தொங்குகிறது.

சும்மா வந்தவன்:
குமிழா? குமிழ் எல்லாம் பார்க்கவில்லை. ஆனால் ஆரஞ்சு நிறச் சொட்டுதான், ஆரஞ்சிலிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும். நான்கு சொட்டும் ஒரே நிறம்.

தூரிகைதாசன்:
நான்கா?

தூரிகைதாசன்:
முதல் பதிவில் மூன்று சொட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது நான்கு. இரவோடு இரவாக இன்னொன்று ஒழுகிவிட்டதா? இந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் ஓர் அருங்காட்சியகத்தையே குற்றம் சொல்ல வந்தீர்களா?

சும்மா வந்தவன்:
மூன்று நீளமானது, ஒன்று குட்டை. குட்டையை முதலில் கணக்கில் சேர்க்கவில்லை. மூன்றாக இருந்தால் என்ன, நான்காக இருந்தால் என்ன, மேல்நோக்கி இருந்ததா இல்லையா?

தூரிகைதாசன்:
மூன்றா நான்கா?

சும்மா வந்தவன்:
மேல்நோக்கியா இல்லையா?

மழைக்காலம்:
இரண்டு பேரும் இதையே இன்னும் எத்தனை முறை கேட்கப்போகிறீர்கள்? ரசமட்டம் அண்ணன் கேட்ட உருப்படியான கேள்வி அப்படியே கிடக்கிறது. இன்னொன்று, கீழ்நோக்கி ஏதாவது சொட்டு இருந்ததா? எல்லாச் சொட்டும் மேல்நோக்கி என்றால் ஒரு கதை, மேலும் கீழும் இருந்தால் திருப்பித் திருப்பி வரைந்திருக்கிறார் என்பது வேறு கதை.

சும்மா வந்தவன்:
கீழே பார்க்கவில்லை.

முட்டுச்சந்து:
அரைமணி நேரம் நின்று கீழே பார்க்கவில்லை. அருமை.

தூரிகைதாசன்:
இதைவிட நான் என்ன சொல்ல. இந்த இழையை இத்தோடு பூட்டிவிடலாம்.

ஆனால் ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கி ஒருநாள் மாலை மங்கும் வேளையில் தன் ஸ்டூடியோவுக்குள் நுழைகிறார். சுவரில் சாய்த்து வைத்த ஒரு படம், உள்ளிருந்து ஒளி வீசுவது மாதிரி அவ்வளவு அழகு. அதில் என்ன வரைந்திருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை, நிறமும் வடிவமும் மட்டும் தெரிகிறது. கிட்டே போனால் அவர் வரைந்த படம்தான், பக்கவாட்டில் திரும்பி நின்றிருக்கிறது. மறுநாள் வெளிச்சத்தில் அதே உணர்வைக் கொண்டுவரப் பார்த்தார், பாதிதான் வந்தது, பொருள்கள் அடையாளம் தெரிந்து குறுக்கே நின்றன. படத்தில் பொருள் என்று ஒன்று இருப்பதே தன் ஓவியத்துக்கு இடைஞ்சல் என்று அன்றைக்கு அவருக்குப் பட்டது. அவரே எழுதிவைத்திருக்கிறார், 1913இல். பொருள் எதையும் காட்டாத அரூப ஓவியத்தின் பிறப்புக் கதைகளில் இது ஒன்று. மேல் கீழ் என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சும்மா வந்தவன்:
யோசித்தேன். தான் வரைந்த படத்தையே திருப்பி வைத்தால் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நான் கீழே பார்க்காததை மட்டும் பெரிய குற்றமாகச் சொல்கிறீர்கள். அதோடு, திருப்பி வைத்தால்தான் அழகு என்றால் மாட்டும்போதே எல்லாவற்றையும் திருப்பி மாட்டலாமே?

மழைக்காலம்:
அதையும் செய்துவிட்டார்கள். ஜெர்மன் ஓவியர் பாஸெலிட்ஸ் 1969இலிருந்து மனிதர், மரம் எல்லாவற்றையும் தலைகீழாகவே வரைந்தார். வரைந்து முடித்துத் திருப்புவதில்லை, வரையும்போதே தலைகீழ்.

முட்டுச்சந்து:
அவர் படத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டால் நேராகிவிடும், அப்போது அது தலைகீழா நேரா? ரசமட்டம் அண்ணே, அம்புக்குறி எந்தப் பக்கம் போடுவீர்கள்?

பழைய பேப்பர்:
1964இல் ஸ்வீடனில் கோதன்பர்க் நகரத்தில் ‘பியர் பிராசோ’ என்ற பெயரில் ஒரு கண்காட்சி நடந்தது. விமர்சகர் ஒருவர் புகழ்ந்து தள்ளினார், பாலே ஆடுபவரின் நளினம் தூரிகையில் தெரிகிறது என்று. அப்புறம் வெளியே வந்தது, வரைந்தது ஒரு சிம்பன்சி. பத்திரிகையாளர் ஒருவர் செய்த வேலை. தூரிகைதாசனுக்கு இதைச் சமர்ப்பிக்கிறேன். அன்றைக்கு இருந்திருந்தால் அரைமணி நேரம் நின்றிருப்பார்.

தூரிகைதாசன்:
பூட்டிவிடலாம் என்று சொன்னேன், விடமாட்டேன் என்கிறீர்கள். குரங்குக் கதை வராமல் இந்தத் தலைப்பில் ஒரு விவாதம் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. முழுவதும் சொல்லுங்கள். சிம்பன்சி வரைந்ததை எல்லாம் மாட்டவில்லை, அந்தப் பத்திரிகையாளர் அதில் நன்றாக இருந்ததைத் தேர்ந்தெடுத்து மாட்டினார். தேர்ந்தெடுத்த கண் மனிதக் கண். இன்னொரு விமர்சகர் இதை ஒரு குரங்குதான் செய்திருக்க முடியும் என்றும் எழுதினார், அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? 2011இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. அரூப ஓவியர்கள் வரைந்ததையும் குழந்தைகளும் விலங்குகளும் வரைந்ததையும் ஜோடி ஜோடியாகக் காட்டினார்கள், ஓவியப் பயிற்சி இல்லாதவர்கள்கூட ஓவியர் வரைந்ததைக் குருட்டாம்போக்கில் வருவதைவிட அதிகமாகத் தேர்ந்தெடுத்தார்கள். சில இடங்களில் பெயரை மாற்றி ஒட்டிக் காட்டியபோதும்! உங்கள் குரங்கு அங்கேயே விழுந்துவிட்டது.

பழைய பேப்பர்:
அதிகமாக என்றால் எத்தனை? நூற்றுக்கு நூறா? இல்லை அல்லவா. அப்படியென்றால் மீதிப் பேர் குரங்கைத் தேர்ந்தெடுத்தார்கள். நன்றி.

அகராதி:
மறுபடியும் கேட்கிறேன், ‘நவீன’ என்பதற்கு என்ன வரையறை?

முட்டுச்சந்து:
அந்த வாழைப்பழம் நவீனமா சமகாலமா? டேப் போட்டுச் சுவரில் ஒட்டியது. 2019இல் மியாமியில் 1,20,000 டாலருக்கு விற்றார்களே, ஐந்து வருடம் கழித்து ஏலத்தில் 62 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கியவர் அதைத் தின்றும்விட்டார். அதை எந்தப் பக்கம் மாட்டினாலும் வாழைப்பழம்தானே.

தூரிகைதாசன்:
அது இத்தாலியக் கலைஞர் கட்டெலானின் கருத்துருப் படைப்பு, அதாவது பொருளைவிட யோசனைதான் படைப்பு. விற்றது பழத்தை இல்லை, சான்றிதழையும், எப்படி ஒட்ட வேண்டும் என்ற குறிப்பையும். பழம் அழுகினால் வேறு பழம். எந்தக் கோணத்தில், எந்த உயரத்தில் என்பதுகூடக் குறிப்பில் இருக்கிறது. ஆகவே வாழைப்பழத்துக்கும் மேல் கீழ் உண்டு.

சும்மா வந்தவன்:
வாழைப்பழத்துக்கு மேல் கீழ் உண்டு, நான் பார்த்த படத்துக்கு மட்டும் இல்லை. குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

தூரிகைதாசன்:
இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? சொட்டை வைத்து முடிவு செய்ய முடியாது என்றேன். மூன்றா நான்கா என்று தெரியாத சொட்டை வைத்து நிச்சயமாக முடியாது.

ரசமட்டம்:
என் கையால் நடந்தது ஒன்று சொல்கிறேன். சதுரமான படம், நாலு பக்கமும் ஒரே அளவு, பின்னால் அம்புக்குறி இல்லை, மாட்டுவதற்கான ‘டி’ வளையம் இரண்டு பக்கமும் அடித்திருந்தது. நேரமில்லை. கையெழுத்து மாதிரி ஏதோ கீறல் இருந்த பக்கத்தைக் கீழே வைத்து மாட்டிவிட்டேன். மாலையில் திறப்புக்கு ஓவியர் வந்தார். படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்புறம் என் பக்கம் திரும்பி, ‘ஆணி பலமாக இருக்கிறதா?’ என்று கேட்டார். இருக்கிறது என்றேன். போய்விட்டார். சரியாக மாட்டியிருந்தேனா, தப்பாக மாட்டியும் அவர் விட்டுவிட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பழைய பேப்பர்:
பாருங்கள், வரைந்தவருக்கே தெரியவில்லை.

தூரிகைதாசன்:
பாருங்கள், வரைந்தவருக்கு மேல் கீழ் முக்கியமில்லை.

ரசமட்டம்:
நான் இரண்டையும் சொல்லவில்லை.

மழைக்காலம்:
சும்மா வந்தவரே, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆறு வருடம் அங்கே நிற்கிற காவல்காரருக்குத் தெரியாத சொட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் படத்தை உங்கள் அளவுக்கு உற்றுப் பார்த்தவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது.

சும்மா வந்தவன்:
அக்கா, நீங்களும் அவர் கட்சிதானா? அரைமணி நேரம் நின்றால் படம் பேசும் என்பதை நான் நிரூபித்துவிட்டேன் என்று சொல்ல வருகிறீர்கள், புரிகிறது. நான் நின்றது ஓவியத்தை ரசிக்க இல்லை, அவர் சொன்னது பொய் என்று காட்ட.

தூரிகைதாசன்:
எதற்காக நின்றீர்கள் என்பது முக்கியமில்லை. நின்றீர்கள். நான் சொன்னபடி நின்றீர்கள். எனக்கு அது போதும்.

சும்மா வந்தவன்:
உங்களுக்காக நான் நிற்கவில்லை! ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன். குமிழ் எந்த முனையில் இருக்கிறது, கீழே சொட்டு இருக்கிறதா, எல்லாம் பார்த்து எழுதுகிறேன். புகைப்படம் எடுக்க விடமாட்டார்கள், காகிதத்தில் வரைந்து கொண்டுவருகிறேன்.

முட்டுச்சந்து:
வரையப்போகிறாராம். அந்தக் காகிதத்தில் ‘மேல்’ என்று ஒரு அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய பேப்பர்:
தூரிகைதாசன், 1913ஆ 1915ஆ? இன்னும் பதில் வரவில்லை.

தூரிகைதாசன்:
முதலில் 75ஆ 77ஆ என்று சொல்லுங்கள்.

சும்மா வந்தவன்:
ஞாயிறு போய் வந்தேன். அந்த அறையைப் பூட்டிவைத்திருக்கிறார்கள். அடுத்த கண்காட்சிக்காகப் படங்களை இறக்குகிறார்களாம். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன், அந்தப் படம் சுவரை ஒட்டித் தரையில் நிற்கிறது, பின்பக்கம் தெரிகிற மாதிரி. கட்டையில் பென்சிலால் ஏதோ அம்புக்குறி இருக்கிறது.

ரசமட்டம்:
எந்தப் பக்கம் காட்டுகிறது?

சும்மா வந்தவன்:
பக்கவாட்டில்.

தூரிகைதாசன்:
படுக்கவைத்து நிறுத்தியிருப்பார்கள். இடதா வலதா?

சும்மா வந்தவன்:
இடது. இல்லை, நான் நின்ற பக்கத்திலிருந்து இடது.

தூரிகைதாசன்:
மூன்று, நான்கு. இப்போது இடது, வலது.